கொஞ்சம் ஒதுங்கிக்கோங்க

"மழைக்கு ஒதுங்கினான்" என்கிறோம். "நிழலுக்கு ஒதுங்கினான்" என்றும் சொல்கிறோம். இரண்டிலும் அதே 'க்கு'தான். ஆனால் முதல் ஆள் மழையிடமிருந்து தப்பித்து ஓடுகிறான், இரண்டாவது ஆள் நிழலைத் தேடிப் போகிறான். அதோடு விட்டதா? "பஸ்ஸுக்கு ஒதுங்கு" என்றால் பஸ்ஸுக்கு வழிவிடு என்று பொருள். "வெளிக்கு ஒதுங்கப் போயிருக்கா" என்றால் அது வேறு கதை, அதற்கு அப்புறம் வருகிறேன். நான்காம் வேற்றுமைக்குக் கொடை, பகை, நட்பு, தகுதி, அதுவாதல், பொருட்டு, முறை என்று பள்ளியில் ஒரு பட்டியலை ராகம் போட்டு மனப்பாடம் செய்திருக்கிறோம். மழைக்கு ஒதுங்குவது அதில் எதில் சேரும்? மழை பகையா, பொருட்டா? வாத்தியாரிடம் கேட்டிருந்தால் பெஞ்சு மேல் ஏறி நிற்கச் சொல்லியிருப்பார்.

இவ்வளவு குழப்பம் இருந்தும், தமிழ் பேசுகிற யாரும் இந்த இடத்தில் ஒரு நொடிகூடத் தடுமாறுவதில்லை. உருபு சொல்லாமல் விட்டதை வினையே சொல்லிவிடுகிறது. ஒதுங்குதல் என்றாலே எதிரில் ஏதோ ஒன்று வருகிறது. அது நம்மைவிடப் பெரியது, அல்லது நம்மைவிட வலுவானது. அதற்கு நடுவழி, நமக்கு ஓரம்.

இடம் மாறுவதற்குத் தமிழில் வினைச்சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. நகர், தள்ளு, விலகு, பெயர், ஒதுங்கு. வெளியூரிலிருந்து வந்து தமிழ் படிக்கிறவர்களுக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். புழக்கத்தில் ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது. நகர்வதற்குக் காரணமே தேவையில்லை, மேகம்கூட நகரும். "கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்பது டவுன் பஸ் சீட்டில் சமமானவர் சமமானவரிடம் கேட்பது. மூன்று பேர் உட்காரும் இடத்தில் நாலாவது ஆளுக்கு அரை இடம் தேற்றுகிற சொல் அது. விலகுவதில் ஒரு முடிவு இருக்கிறது, கொஞ்சம் ரோஷமும் இருக்கிறது. ஒதுங்குவதில் இந்த இரண்டும் கட்டாயமில்லை. சும்மா ஒதுங்கலாம், பயந்து ஒதுங்கலாம், மரியாதைக்கு ஒதுங்கலாம், வேறு வழியில்லாமலும் ஒதுங்கலாம். பார்க்கிறவருக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும்.

கொரோனா வந்தபோது தமிழ்நாட்டு அரசு "விழித்திரு, விலகியிரு, வீட்டிலேயே இரு" என்று சொன்னது. 'ஒதுங்கியிரு' என்று போடவில்லை. எதுகை மோனைக்காகத்தான் போட்டிருப்பார்கள் என்று தெரியும். ஆனாலும் அந்த இடத்தில் 'ஒதுங்கியிரு' வந்திருந்தால் எத்தனை பேருக்குச் சுருக்கென்றிருக்கும் என்று அப்போதே தோன்றியது.

பழைய பாட்டுகளில் இந்தச் சொல்லுக்கு இவ்வளவு பாரம் இருந்ததில்லை. ஒதுங்குதல் என்றால் நடத்தல் என்றும் ஒரு பொருள் உண்டு. ஒதுக்கம் என்றால் நடை, பெரும்பாலும் பெண்ணின் மெல்லிய நடை. அகராதியைப் புரட்டினால் இந்தப் பொருள் இன்னமும் அங்கே இருக்கிறது. தெருவில் இல்லை. நடப்பவர் எப்போது ஓரமாக நடப்பவர் ஆனார் என்பதை அகராதி சொல்லாது.

மழைக்கு ஒதுங்குவதிலிருந்தே தொடங்கலாம், அதுதான் இதில் இன்பமான பகுதி. ஐப்பசியில் திடீரென்று ஊற்றும்போது பஜாரில் மூடிக்கிடக்கும் ஏதாவது கடையின் வாசலில், தகரக்கூரைக்கு அடியில், பத்துப் பதினைந்து பேர் சுவரோடு சுவராக ஒட்டி நிற்பார்கள். பைக் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு ஒருவர். வாளித் தூக்கில் டீ வாங்கிப் போகிற பையன் ஒருவன், தூக்கின் மூடியை ஒரு கையால் அழுத்திப் பிடித்திருப்பான். முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு ஓர் அக்கா. கூரை விளிம்பிலிருந்து ஒழுகும் தண்ணீர் சிமெண்டுத் தரையில் விழுந்து கணுக்கால் வரை தெறிக்கும், எல்லோரும் குதிகாலை இன்னும் அரை அங்குலம் பின்னால் இழுத்துக்கொள்வார்கள். அந்த நேரத்தில் யார் என்ன சாதி, என்ன சம்பளம் என்று யாரும் பார்ப்பதில்லை. "விடுற மாதிரி தெரியல" என்று யாராவது ஆரம்பிப்பார், "மேக்கால வெளுத்திருச்சு, நின்னுரும்" என்று இன்னொருவர் முடிப்பார். மழை விட்டதும் ஒருவர் முகம் இன்னொருவருக்கு நினைவிருக்காது. ஒதுங்குவதில் இவ்வளவு சமத்துவம் வேறு எங்கும் நான் பார்த்ததில்லை. எதிரில் வருவது மழையாக இருப்பதால்தான் அது முடிகிறது.

இதே மழையை வைத்துத்தான் "பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவன்" என்ற ஏச்சும் பிறந்தது. நல்ல கிண்டல்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்கலாம். பள்ளிக்கூடத் திண்ணையில் யார் வேண்டுமானாலும் மழைக்கு ஒதுங்கலாம் என்று இந்தச் சொலவடை தானாகவே எடுத்துக்கொள்கிறது. சில தலைமுறைகளுக்கு முன்னால் அப்படி ஒதுங்கினால் வெளியே துரத்தப்பட்டவர்களும் இருந்தார்கள். அவர்களையும் சேர்த்துத்தான் இந்தச் சொலவடை ஏசியது.

சாலைக்கு வருவோம். எங்கள் பக்கத்து ஊர்ச் சாலைகளில் ஒரு கார், ஒரு டிராக்டர், ஒரு சைக்கிள், தலையில் சும்மாடு கட்டி விறகு சுமக்கும் ஒரு பெண் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் எதிரெதிரே வந்தால் யார் தாரில் போவார், யார் மண்ணில் இறங்குவார் என்பதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கார் இறங்காது. டிராக்டர் காருக்குப் பாதி இறங்கும். சைக்கிள் முழுசாக இறங்கி, ஒரு காலை ஊன்றி நிற்கும். அந்தப் பெண் ஆரன் சத்தம் கேட்பதற்கு முன்பே கருவேல முள்ளோரம் போயிருப்பார். சுமையோடு ஒதுங்குவது எவ்வளவு சிரமம் என்பது சுமந்தவருக்குத்தான் தெரியும், கழுத்தைத் திருப்பாமல் முழு உடம்பையும் திருப்ப வேண்டும். காரில் இருப்பவர் பிரேக்கை ஒரு மிதி மிதித்தால் முடிகிற வேலை. ஆனால் மிதிப்பதில்லை.

இது வெறும் வண்டியின் அளவு சார்ந்த விஷயமாக இருந்தால் பேச ஒன்றுமில்லை. ஆளைப் பார்த்து ஒதுங்க வைத்த சாலைகள் இங்கே இருந்தன. சைக்கிளைவிட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டிய தெருக்கள், செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டிய தெருக்கள். இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய தேவை தென்மாவட்டத்துக்காரர்கள் பலருக்கு இல்லை, வீட்டுப் பெரியவர்களைக் கேட்டாலே போதும். ஒதுங்கியவரும் சொல்வார், ஒதுங்க வைத்தவரும் சொல்வார். இரண்டாமவர் கொஞ்சம் குரலைத் தாழ்த்திச் சொல்வார்.

கேரளத்து வைக்கத்தில் நடந்தது இந்த வினைச்சொல்லை எதிர்த்த போராட்டம் என்றே நான் சொல்வேன். அது கோயிலுக்குள் போவதற்காக நடந்ததல்ல. மகாதேவர் கோயிலைச் சுற்றியிருந்த பொதுச் சாலைகளில் நடப்பதற்காக நடந்தது. ஈழவரும் புலையரும் ஒரு எல்லைக்கு மேல் வரக் கூடாது என்று அங்கே பலகையே வைத்திருந்தார்கள். 1924 மார்ச் 30ஆம் தேதி ஒரு புலையர், ஒரு ஈழவர், ஒரு நாயர் என மூன்று பேர் அந்தப் பலகையைத் தாண்டி நடக்கப் போனார்கள், கைதானார்கள். தலைவர்கள் அடுத்தடுத்துச் சிறைக்குப் போனதும் ஈரோட்டிலிருந்து பெரியார் போனார், இரண்டு முறை சிறைப்பட்டார். 1925 நவம்பரில் ஒருவழியாக முடிந்தபோது நான்கு சாலைகளில் மூன்று எல்லோருக்கும் திறந்தன. கிழக்குச் சாலை திறக்கவில்லை. இருபது மாதம் போராடிய பிறகும், ஒரு பக்கம் நீங்கள் ஒதுங்கித்தான் ஆக வேண்டும் என்று மிச்சம் வைத்திருந்தார்கள். 1936இல் திருவிதாங்கூர் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்த பிறகுதான் அந்தக் கதை மாறியது.

மலையாளத்தில் 'ஒதுக்கம்' என்றால் அடக்கமான, கச்சிதமான தோற்றம். வண்டியை ஓரங்கட்டுவதையும் 'ஒதுக்குவது' என்பார்கள். பாராட்டாக வருகிற சொல். ஒரே வேர்தான். வைக்கத்தைப் பற்றி யோசிக்கும்போது இது கொஞ்சம் உறுத்தும்.

சரி, அந்த இன்னொரு 'ஒதுங்க'. ஊர்ப்பக்கம் பெண்கள் "ஒதுங்கிட்டு வர்றேன்" என்று சொன்னால் யாரும் எங்கே என்று கேட்க மாட்டார்கள். ஆண்கள் இதற்கு இந்தச் சொல்லை அவ்வளவாகப் பயன்படுத்துவதில்லை, அவர்கள் "கொல்லைக்கு" போவார்கள், "காட்டுக்கு" போவார்கள், எந்த நேரத்திலும் போவார்கள். பெண்கள்தான் ஒதுங்குவார்கள். விடிவதற்கு முன்னால், இல்லையென்றால் இருட்டிய பிறகு. இடைப்பட்ட நேரத்துக்காக உடம்பைப் பழக்கி வைத்திருந்தார்கள். சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காமல் இருப்பது ஒரு வழக்கம் என்றே எங்கள் அத்தை ஒருவர் நினைத்திருந்தார், உடம்புக்கு நல்லதாம். சாலையோரமாக இருட்டில் உட்கார்ந்திருக்கும்போது தூரத்தில் வண்டி வெளிச்சம் தெரிந்தால் வரிசையாக எழுந்து நிற்பார்கள். வண்டி கடந்ததும் மறுபடி உட்கார்வார்கள். அடுத்த வண்டிக்கு மறுபடி எழுவார்கள். ராத்திரிப் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். பெரும்பாலானோர் எதையோ பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வோம். அதுவும் ஒருவகை ஒதுங்கல்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

2014 அக்டோபர் 2ஆம் தேதி தூய்மை இந்தியா திட்டம் தொடங்கியபோது வீட்டுக்குக் கழிப்பறை கட்ட 12,000 ரூபாய் மானியம் தந்தார்கள். நிறைய வீடுகளில் கட்டினார்கள். அதில் சிலது விறகும் உரச்சாக்கும் போட்டு வைக்கிற அறையாகவும் ஆயிற்று, பெரும்பாலும் தண்ணீர் இல்லாததால். சீமைக்கருவேலத்தை அகற்ற வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டு, ஊர் ஊராக ஜேசிபி வைத்துப் பிடுங்கினார்களே, அப்போது எங்கள் பக்கத்துப் பெண்கள் சிலர் சொன்னது வேறு கவலை: "மறைவு போச்சே." நிலத்தடி நீரை உறிஞ்சும் மரம் என்பது மேடையில் பேசுகிறவர்களின் பார்வை. அந்தப் பெண்களுக்கு அது சுவர்.

நகரத்தில் இந்தச் சொல்லே மறைந்துவிட்டது, 'பாத்ரூம்' வந்துவிட்டது. ஆனால் ஒதுங்க இடம் வந்துவிட்டதா என்பது வேறு. வெயிலில் நாள் முழுக்கப் பந்தோபஸ்து நிற்கிற பெண் காவலரையோ, தெருவோரம் பூ விற்கிற அம்மாவையோ கேட்டால் சொல்வார்கள்.

இதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று உண்டு. மாதத்தில் மூன்று நாள் பெண்ணை வீட்டின் ஒரு மூலைக்கு அனுப்பியபோதும் "ஒதுங்கி இருக்கா" என்றுதான் சொன்னார்கள். தானாகவே விரும்பிப் போன மாதிரி. தமிழ் இலக்கணத்தில் இதற்குத் தன்வினை என்று பெயர். செய்பவர் தானே செய்வது. இந்த இடத்தில் இலக்கணம் பொய் சொல்கிறது.

கடலுக்குப் போனால் இந்தச் சொல் வேறு ஒரு தன்மையோடு வரும். செய்தித்தாளில் "கரை ஒதுங்கியது" என்ற சொற்களைப் பார்த்தால் அதற்கு முன்னால் என்ன இருக்கும் என்று நமக்கே தெரியும். பெரும்பாலும் உயிர் இல்லாத ஏதோ ஒன்று. 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்துக் கரை ஒதுங்கின. ஆமைக்கு மூச்சு விட மேலே வந்தாக வேண்டும், இழுவலையில் சிக்கினால் வர முடியாது. முட்டையிட வருகிற பருவமும் மீன்பிடி மும்முரமாக நடக்கிற பருவமும் ஒன்றாக வருவதுதான் சிக்கல்.

ஆனால் உயிரோடு கரை ஒதுங்குவதும் நடந்திருக்கிறது, அது இன்னும் கொடுமை. 2016 ஜனவரியில் திருச்செந்தூருக்குத் தெற்கே மணப்பாடு வரையுள்ள கடற்கரையில் 80க்கும் மேற்பட்ட திமிங்கிலங்கள் கூட்டமாக வந்து மணலில் ஏறின. பைலட் திமிங்கிலம் என்கிற வகை, கருப்பாக, உருண்ட தலையோடு இருக்கும். மீனவர்கள் கயிறு கட்டி, படகில் இழுத்து, தோள் கொடுத்துத் தள்ளி ஆழத்துக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அவை திரும்பவும் கரைக்கே வந்தன. மறுபடி தள்ளினார்கள், மறுபடி ஒதுங்கின. பல அங்கேயே செத்தன, மணலில் குழி தோண்டிப் புதைத்தார்கள். இந்த வகைத் திமிங்கிலங்கள் கூட்டத்தை விட்டுப் பிரியாது, ஒன்று கரையில் மாட்டிக்கொண்டால் மற்றவை அதை விட்டுவிட்டுப் போகாது என்று விஞ்ஞானிகள் விளக்கம் சொன்னார்கள். இதே கடற்கரையில் 1973 ஜனவரியிலும் 147 திமிங்கிலங்கள் இப்படி ஒதுங்கியிருக்கின்றன. அதே மாதம், ஏறக்குறைய அதே இடம், நாற்பத்து மூன்று வருட இடைவெளி. ஆசைப்பட்டு வந்தனவா, வழி தவறி வந்தனவா என்பதை 'ஒதுங்கின' என்ற சொல் சொல்வதில்லை. அந்த இடத்தில் அந்த மௌனம் சரியாகத்தான் இருக்கிறது.

இதே சொல் மனிதர்களுக்கும் வந்தது. 2024 டிசம்பரில் முல்லைத்தீவுக் கடலோரம், முள்ளிவாய்க்கால் பக்கம், நூற்றுக்கும் மேற்பட்ட ரோகிங்கியா அகதிகளோடு ஒரு படகு கரை ஒதுங்கியது. குழந்தைகளும் இருந்தார்கள். அப்புறம் கடற்படை அவர்களைத் திருகோணமலைக்குக் கொண்டுபோனது. 2009இல் அந்தக் கரையில் என்ன நடந்தது என்பதை அறிந்தவர்கள் அந்தச் செய்தியைச் சட்டென்று தாண்டிப் போயிருக்க முடியாது. போக்கிடம் இல்லாமல் அந்த மணலில் கடைசியாக ஒதுங்கி நின்ற மக்களின் ஊர் அது.

அரசியலில் இந்தச் சொல் செய்கிற வேலையைப் பார்த்தால் சிரிப்பு வரும். விலகுவதற்குக் கடிதம் வேண்டும், அதை யாராவது ஏற்றுக்கொள்ளவும் வேண்டும். ஒதுங்குவதற்கு ஒரு அறிக்கை போதும், சில சமயம் மௌனமே போதும். விலகினவர் திரும்பி வந்தால் "எந்த முகத்தோடு" என்று கேட்பார்கள். ஒதுங்கினவர் எப்போது வேண்டுமானாலும் வரலாம், ஓரமாகத்தானே நின்றார், ஊரை விட்டா போனார்? 2021 மார்ச்சில் சட்டமன்றத் தேர்தலுக்குச் சில வாரங்களுக்கு முன்னால் சசிகலா அரசியலை விட்டு ஒதுங்கியிருக்கப் போவதாக அறிக்கை வெளியிட்டார். தேர்தல் முடிந்து கொஞ்ச நாளிலேயே அவர் தொண்டர்களுடன் தொலைபேசியில் பேசிய ஒலிப்பதிவுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அறிக்கையில் 'விலகுகிறேன்' என்று இல்லாதது தற்செயலாக இருக்க முடியாது. எழுதிக் கொடுத்தவருக்குத் தமிழ் நன்றாகவே தெரிந்திருக்கிறது.

ஒதுங்குகிறவரை இதுவரை பார்த்தோம். ஒதுக்குகிறவரையும் பார்க்க வேண்டுமே.

ஒதுங்கு தன்வினை, ஒதுக்கு பிறவினை. இதே அச்சில் வார்த்த சோடிகள் இன்னும் உண்டு: அடங்கு அடக்கு, ஒடுங்கு ஒடுக்கு, முடங்கு முடக்கு, நசுங்கு நசுக்கு, மடங்கு மடக்கு. இறங்கு இறக்கு மாதிரி சாதுவான சோடிகளும் இருக்கின்றன என்பதால் இதை வைத்து ஒரு தத்துவம் பேசிவிட முடியாது. ஆனாலும் சகவாசம் எப்படி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குள் ஒதுக்குவது அன்றாட வேலை. நெற்றியில் விழும் முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்குவது. வெற்றிலையைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு பேசுவது. இது ஒரு கலை, கன்னம் ஒரு பக்கம் புடைத்திருக்க, வார்த்தை மறு பக்கமாக வழியும், ஒரு சொட்டுச் சாறு வெளியே வராது. எங்கள் ஊர்ப் பக்கம் இரவுச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவி, அடுப்பைத் துடைத்து, எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வைப்பதை "அடுக்களையை ஒதுங்க வைக்கிறது" என்பார்கள். இந்தச் சொல்லின் ஆகச் சுகமான உபயோகம் அதுதான் என்று நினைக்கிறேன். அங்கே யாரும் யாருக்கும் வழிவிடவில்லை. ஈரத்துணியை உதறிக் கொடியில் போட்டுவிட்டு "ஒதுங்க வச்சாச்சு" என்று சொல்கிற குரலில், இனி இந்த நாளில் யாரும் என்னை எதுவும் கேட்கக் கூடாது என்ற தொனியும் சேர்ந்தே இருக்கும்.

அப்புறம் கறிவேப்பிலை. சாம்பாரிலோ ரசத்திலோ அது இல்லாவிட்டால் மணம் குறைந்ததென்று முகம் சுளிப்போம், இலையில் விழுந்ததும் முதல் வேலையாக அதைத்தான் விரலால் ஓரத்துக்கு ஒதுக்குவோம். "என்னைக் கறிவேப்பிலையா ஒதுக்கிட்டாங்க" என்று புலம்பாத மாமனார் எந்தக் கல்யாண வீட்டிலும் இல்லை. கட்சிக்காரர்களும் இதையே சொல்வார்கள், தேர்தல் முடிந்த மறுநாள்.

'ஒதுக்கி வை' என்பதில்தான் இந்தச் சொல் இரண்டாகப் பிளக்கிறது. "அவங்க குடும்பத்தை ஊரே ஒதுக்கி வச்சிருக்கு" என்றால் கோயில் வரி வாங்க மாட்டார்கள், கடையில் சாமான் கொடுக்க மாட்டார்கள், நல்லது கெட்டதுக்குப் போக மாட்டார்கள். "உனக்குன்னு ரெண்டு முறுக்கு ஒதுக்கி வச்சிருக்கேன்" என்றால் அதைவிட அன்பான வாக்கியம் தமிழில் கிடையாது. தனியே எடுத்து வைப்பது ஒன்றுதான். யாரிடமிருந்து எடுத்து, யாருக்காக வைக்கிறோம் என்பதில் எல்லாம் மாறிவிடுகிறது.

இட ஒதுக்கீடு என்ற சொல்லில் இந்த இரண்டும் முட்டிக்கொள்கின்றன. சென்னை மாகாணத்தில் நீதிக்கட்சிக் காலத்தில் இந்தப் பேச்சு தொடங்கியபோது இதற்குப் பெயர் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம், வகுப்புவாரி உரிமை. முத்தையா முதலியார் அமைச்சராக இருந்தபோது நடைமுறைக்கு வந்த ஆணையில் 12 இடங்களை இப்படிப் பிரித்தார்கள்: பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணருக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, கிறித்தவர், ஆங்கிலோ இந்தியருக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1. எல்லோருக்கும் பங்கு, எல்லோருக்கும் எண். யாருக்காகவும் ஓரத்தில் எதையும் எடுத்து வைத்த மாதிரி அந்தப் பெயர் ஒலிக்கவில்லை. 1951இல் உச்ச நீதிமன்றம் வகுப்புவாரி ஆணை செல்லாது என்றது, அதே ஆண்டு அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்தது. இன்று தமிழ்நாட்டில் 69 சதவீதம். பெயர் 'ஒதுக்கீடு'. உரிமை என்ற சொல் போய் ஒதுக்கீடு என்ற சொல் நிலைத்ததில் நமக்கு நஷ்டம்தான் என்று எனக்குப் படுகிறது. உரிமை என்றால் வாங்குகிறவருடையது, ஒதுக்கீடு என்றால் யாரோ கொடுத்த மாதிரி ஆகிவிடுகிறது. "கோட்டாவுல வந்தவன்" என்று கல்லூரி விடுதியில் முணுமுணுக்கிறவர்களுக்கு இந்தச் சொல் வசதியாகப் போய்விட்டது.

ஒதுக்குவதும் ஒதுங்குவதும் நேருக்கு நேர் மோதிய இடம் என்றால் நான் பாப்பாபட்டியைத்தான் சொல்வேன். மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளில் தலைவர் பதவி 1996இல் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. பத்து வருடம் அங்கே முறையாகத் தேர்தல் நடக்கவில்லை. வேட்புமனுவே வராது. யாராவது துணிந்தால் மிரட்டல். சில நேரம் ஆதிக்க சாதியினரே ஒருவரை நிறுத்துவார்கள், அவர் ஜெயிப்பார், பதவியேற்ற கையோடு ராஜினாமாக் கடிதம் எழுதிக் கொடுப்பார். தேர்தல் ஆணையம் மறுபடி அறிவிக்கும், மறுபடி அதே நாடகம். சட்டம் ஒரு நாற்காலியை ஒதுக்கி வைத்தது, ஊர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவரை ஒதுங்கச் சொன்னது. அந்தக் கடிதங்களில் எல்லாம் 'சொந்தக் காரணங்களுக்காக' என்பது மாதிரி ஏதாவதுதான் எழுதியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். தன்வினை எவ்வளவு வசதியானது பாருங்கள்.

2006 அக்டோபரில் அந்த ஊர்களில் தேர்தல் நடந்தது. மாவட்ட நிர்வாகம் வீடு வீடாகப் பேசியது, அரசியல் கட்சிகள் அழுத்தம் கொடுத்தன, பல வருடம் இதற்காகவே நடந்த இயக்கங்கள் இருந்தன. இந்த முறை வென்றவர்கள் மறுநாளே கடிதம் எழுதவில்லை. அந்த ஆண்டு சென்னையில் சமத்துவப் பெருவிழா என்று ஒரு விழா எடுத்து அவர்களை மேடையில் உட்கார வைத்தார்கள். ஒரு ஊராட்சித் தலைவர் தன் நாற்காலியில் உட்கார்ந்ததற்கு மாநில அரசு விழா எடுக்க வேண்டியிருந்தது என்பதைப் பெருமையாகவும் எடுத்துக்கொள்ளலாம், வேறு மாதிரியும் எடுத்துக்கொள்ளலாம்.

2021 அக்டோபர் 2ஆம் தேதி பாப்பாபட்டி கிராம சபைக் கூட்டத்துக்கு முதலமைச்சர் ஸ்டாலின் வந்தார். எந்த முதலமைச்சர் எந்த ஊருக்குப் போனாலும், வண்டி வருவதற்கு அரை மணி நேரத்துக்கு முன்பே காவலர்கள் சாலையின் இரண்டு பக்கமும் நின்றுகொண்டு சனங்களிடம் சொல்கிற முதல் சொல் ஒன்று உண்டு. அன்றைக்குப் பாப்பாபட்டியிலும் யாராவது சொல்லாமலா இருந்திருப்பார்கள்?